8 மில்லிமீற்றர் இருக்கட்டும், கணைக்கால் நோவு எப்போது தொடங்கியது?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. கொழும்பில் ஒரு பாடசாலையில் 100, 200 மீற்றர் ஓடுகிறாள். போன மாதம் வீட்டுக்குப் பக்கத்து ஜிம் ஒன்றில் போனில் படம் எடுத்து உடல் சமச்சீர் பார்த்தார்கள். வலது கால் 8 மில்லிமீற்றர் கட்டை, வலது தோள் தாழ்வு என்று ரிப்போர்ட் தந்தார்கள். இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் வேகம் வராது, காயமும் வரும் என்கிறார்கள். வலது சப்பாத்துக்குள் வைக்க ஒரு குதிப் பட்டை தந்தார்கள், மூன்று மாதப் பயிற்சிக்கு 45,000 ரூபா கேட்கிறார்கள். மாமியார் ஓட்டத்தையே நிறுத்தச் சொல்கிறார். மகள் கண்ணாடிக்கு முன்னால் தோளைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். போன வருடம் வலைப்பந்தில் வலது கணுக்கால் பிரண்டதைத் தவிர வேறு வருத்தம் இல்லை. இரண்டு கிழமையாகப் பயிற்சி முடிந்தால் இடது கணைக்கால் கொஞ்சம் நோகுது என்கிறாள். ஜனவரியில் இல்ல விளையாட்டுப் போட்டி. அவள் ஓடலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு அந்த ரிப்போர்ட்தான். இடது கணைக்கால், அதாவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் உள்ள பகுதி, நோகுது என்பது கடைசியில் ஒரே ஒரு வரி. இருபது வருடமாக விளையாடுகிற பிள்ளைகளின் கால்களைப் பார்த்து வருகிற பிசியோ என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அந்த ஒரு வரிதான் முதலில் கண்ணில் குத்தியது. அதற்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் ரிப்போர்ட்டைப் பற்றிய பயம் இறங்காமல் நான் வேறு எதைச் சொன்னாலும் மனதில் நிற்காது, அதனால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

போனில் எடுத்த படம். படம் எடுத்தவரின் கை 1 பாகை சரிந்திருந்தால் போதும், 30 சென்ரிமீற்றர் தோள் அகலத்தில் ஒரு தோள் மற்றதைவிட 5 மில்லிமீற்றர் தாழ்ந்து தெரியும். கையில் போனைப் பிடித்துக்கொண்டு 1 பாகை கூடச் சரியாமல் நிற்க யாராலும் முடியாது. அதற்கு மேல், பிள்ளை எந்தக் காலில் பாரம் போட்டு நின்றாள், காலையில் எந்தத் தோளில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தொங்கி வந்தாள், படம் எடுக்கும்போது கூச்சத்தில் உடம்பை எப்படி வைத்திருந்தாள், எல்லாம் அந்தப் படத்தில் விழும். அதே பிள்ளையைப் பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை எடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும்.

கால் நீளத்தை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்கிறேன். கட்டிலில் படுக்கவைத்து, இடுப்பின் முன்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முனையிலிருந்து கணுக்காலின் உள்பக்கக் குமிழ் வரை நாடாவால் அளப்பது ஒரு வழி. அதில் அளக்கிற ஆள் மாறினால் எண்ணும் மாறும். எனக்குப் பிடித்தது பாடசாலைக் கொப்பி முறை. பிள்ளையை வெறுங்காலோடு இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு நிற்கவைத்து, பின்னால் முழங்காலிட்டு அமர்ந்து, இரண்டு இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலும் என் விரல்களைக் கிடையாக வைத்துக்கொள்வேன். ஒரு பக்கம் தாழ்ந்து தெரிந்தால் அந்தக் காலுக்குக் கீழே 80 பக்கக் கொப்பி ஒன்றைத் தள்ளுவேன், அது ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வரும். இன்னும் தாழ்ந்தால் இன்னொன்று. இரண்டு பக்க விரலும் ஒரே மட்டத்துக்கு வரும் வரை எத்தனை கொப்பி என்று பார்த்தால் போதும். சில பிள்ளைகளிடம் ஒரு கொப்பியும் தேவைப்படாது, போன் ரிப்போர்ட்டில் மட்டும் 10 மில்லிமீற்றர் இருக்கும். சரியான துல்லியம் வேண்டுமென்றால் நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேதான், உங்கள் மகளுக்கு இப்போது அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, அந்த 8 மில்லிமீற்றர் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரே வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரண்டு காலும் ஒரே நீளம் இல்லை, வித்தியாசத்தின் சராசரி 5 மில்லிமீற்றர் சொச்சம் என்று தெரிந்தது. பெரும்பாலானோருக்கு 20 மில்லிமீற்றர் அளவுக்குப் போகும் வரை அதனால் பெரிய தொல்லை இருப்பதில்லை. நீங்கள், நான், அந்த ரிப்போர்ட்டைத் தந்தவர், எல்லோருமே இந்தக் கூட்டத்தில்தான் இருப்போம். இன்னொன்றும் உண்டு. எலும்பு உண்மையிலேயே கட்டையாக இருப்பது வேறு, இடுப்பு ஒரு பக்கம் சரிந்தோ ஒரு பாதம் தட்டையாக இறங்கியோ கால் கட்டை போலத் தெரிவது வேறு. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. போன் படம் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

“சமமாக இல்லாவிட்டால் வேகம் வராது” என்பதற்கு உசெய்ன் போல்ட்டைப் பாருங்கள். 2009இல் பேர்லினில் 9.58 செக்கன், இன்றுவரை யாரும் உடைக்காத உலக சாதனை. அவருக்கு முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்தது, வலது கால் இடதைவிட அரை அங்குலம், அதாவது 12 மில்லிமீற்றருக்கு மேல் கட்டை. 2017இல் அமெரிக்காவின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் அவருடைய 100 மீற்றர் ஓட்டம் ஒன்றின் வீடியோவை அலசிப் பார்த்தார்கள். வலது கால் தரையைத் தாக்கும் உச்ச விசை இடதைவிட 13 சதவீதம் கூட, இடது கால் தரையில் நிற்கும் நேரம் வலதைவிட 14 சதவீதம் கூட. உலகத்திலேயே வேகமான மனிதர் இரண்டு காலாலும் இரண்டு விதமாக ஓடியிருக்கிறார். அதைச் சமப்படுத்தியிருந்தால் இன்னும் வேகமாக ஓடியிருப்பாரா என்று கேட்டால், ஆய்வு செய்தவர்களே ஆம் என்று சொல்லவில்லை.

ஆனால் நான் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. சமச்சீருக்கும் வேகத்துக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த ஜிம்காரர் எங்கேயோ படித்ததும் இதைத்தான் இருக்கும். ஜமேக்காவில் 1996இல் கிராமப்புறப் பிள்ளைகளின் உடம்பை, காது முதல் பாதம் வரை, இரண்டு பக்கமும் அளந்து வைத்தார்கள். அப்போது அவர்களுக்குச் சராசரி 8 வயது. 14 வருடம் கழித்து அதே ஆட்களை ஓடவிட்டுப் பார்த்தபோது, சின்ன வயதில் முழங்கால்கள் இரண்டும் கூடுதலாக ஒத்திருந்தவர்கள் பொதுவாக வேகமாக ஓடினார்கள். பிறகு அந்த நாட்டின் முன்னணிக் குறுந்தூர ஓட்டக்காரர்களை அளந்தபோதும் அவர்களுடைய முழங்கால்கள் சாதாரண ஆட்களுடையதைவிட ஒத்திருந்தன. இது நல்ல ஆய்வு, நான் மதிக்கிறேன். ஆனால் அதில் அளந்தது எலும்பின் அகலம், அதுவும் மில்லிமீற்றர் கணக்கில் சின்னச் சின்ன வித்தியாசங்கள். கருவிலிருந்து வளர்ந்து முடியும் வரை நோய், சத்துக்குறைவு, பரம்பரை எல்லாவற்றையும் உடம்பு எவ்வளவு தூரம் சமாளித்து வளர்ந்தது என்பதற்கு அது ஓர் அடையாளம். நெல் எப்படி விளைந்தது என்பதைக் கதிரைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. கதிரை நிமிர்த்திக் கட்டினால் விளைச்சல் கூடாது. சப்பாத்துக்குள் பட்டை வைத்தால் முழங்கால் எலும்பின் அகலமும் மாறாது. கூட்டமாகப் பார்க்கும்போது தெரிகிற ஒரு போக்கை எடுத்து ஒரு பிள்ளையின் தலையில் வைத்து “உனக்கு வேகம் வராது” என்று சொல்வது தப்பு, இதைக் கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது.

அப்புறம், விளையாட்டே உடம்பை ஒரு பக்கமாக்கும். இதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. தேர்ந்த டென்னிஸ் ஆட்டக்காரர்களின் ஆடுகிற கையில் மேற்கை எலும்பின் சுவர் ஆண்களில் மற்றக் கையைவிட 35 சதவீதம் வரை தடித்திருந்ததை 1977இலேயே எக்ஸ்ரேயில் கண்டார்கள். வேகப் பந்துவீச்சாளர் பிள்ளைகள் என்னிடம் வரும்போது சட்டையைக் கழற்றச் சொன்னாலே தெரியும், பந்து வீசும் தோள் தாழ்ந்து, அந்தப் பக்கத்து இடுப்புத் தசை திரண்டிருக்கும். அம்மாமார் பதறுவார்கள். எனக்கு அது தொழில் செய்கிற கையில் காய்ப்புப் பிடித்த மாதிரி. நான் பார்ப்பது, வலது கையால் வீசுகிற பையனுக்கு இடது பக்கம் கீழ்முதுகில் நோவு இருக்கிறதா என்பதைத்தான், ஏனென்றால் அவர்களுக்கு எலும்பு வெடிப்பு வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் கூடுதலாக வரும். நம்முடைய முத்தையா முரளிதரனை நினைத்துப் பாருங்கள். முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. அந்தக் கையோடுதான் 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்.

அப்படியானால் எந்தச் சமமின்மையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? காயம் ஆறிய பிறகும் மிஞ்சி நிற்கிற சமமின்மையைப் பற்றி. போன வருடம் வலது கணுக்கால் பிரண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பிரண்ட கணுக்கால் வீக்கம் வற்றியதும் ஆறிவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள், இரண்டு கிழமையில் மறுபடி கிரவுண்டுக்கு விடுவார்கள். ஆனால் கெண்டைத் தசையின் பலமும் ஒற்றைக்காலில் நிற்கும் தடுமாறாத தன்மையும் தானாகத் திரும்பி வருவதில்லை, அதற்கென்று பயிற்சி செய்ய வேண்டும். முழங்கால் சவ்வுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களை, காயப்பட்ட காலால் துள்ளும் தூரம் நல்ல காலின் 90 சதவீதத்தையாவது எட்டும் வரை மைதானத்துக்கு விடாமல் வைத்திருப்பது எங்கள் துறையில் வழமை. கணுக்கால் பிரண்டதற்கு அந்த அளவு கவனம் கிடைப்பதில்லை. கிடைத்திருக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். சுவருக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு ஒற்றைக்காலில் நிற்கட்டும், விரல் நுனி மட்டும் சுவரில், முழங்கால் மடங்கக் கூடாது. குதியை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி, மெதுவாக இறக்கி, மறுபடி உயர்த்த வேண்டும், இரண்டு செக்கனுக்கு ஒன்று. நீங்கள் தரையில் உட்கார்ந்து குதியையே பாருங்கள், அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம். உயரம் முதல் பத்துத் தடவைக்கு இருந்த மாதிரி இல்லாமல் பாதியாகும் இடத்தில் எண்ணுவதை நிறுத்துங்கள். 25 வரை நல்ல உயரத்தில் போனால் போதும். இடது 24, வலது 22 என்றால் அது ஒன்றும் இல்லை, இன்னொரு நாள் பார்த்தால் மாறிக்கூட வரும். வலது 14இல் விழுந்துவிட்டால் அங்கேதான் வேலை இருக்கிறது, அதற்கு 45,000 ரூபா தேவையில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாடிப்படியின் ஓரத்தில் நின்று அதே பயிற்சியைச் செய்தால் இரண்டு மூன்று மாதத்தில் ஏறிவிடும். இடது காலைச் சோதிப்பது நோவு இல்லாத நாளில் மட்டும், செய்யும்போது நொந்தால் உடனே விடுங்கள்.

இப்போது அந்த ஒரு வரி.

15 வயதுப் பெண் பிள்ளை, போட்டிக்கு முன் பயிற்சி கூடுகிற காலம், ஒரு பக்கக் கணைக்கால் நோவு, இரண்டு கிழமையாக. இதைக் கொஞ்ச நோவு என்று விடக்கூடாது. அவளை உட்காரவைத்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் உங்கள் பெருவிரலை வைத்து, கணுக்காலுக்கு மேலிருந்து முழங்காலை நோக்கி ஒவ்வொரு விரல் அகலமாக அழுத்திக்கொண்டு போங்கள். நோவு உள்ளங்கை நீளத்துக்குப் பரவி இருக்கிறதா, அல்லது ஒரு நாணயத்தால் மூடிவிடக்கூடிய ஒரே இடத்தில் “ஆ” என்று காலை இழுக்கிறாளா? பரவி இருந்து, ஓட்டம் தொடங்கும்போது நொந்து சூடேறியதும் குறைகிறது என்றால், பெரும்பாலும் எலும்பும் அதை மூடிய சவ்வும் திடீரெனக் கூடிய பாரத்தைத் தாங்காத முறைப்பாடு. ஓட்டத்தைக் குறைத்து, பிறகு மெல்ல மெல்லக் கூட்டினால் சரிவரும். ஒரே இடத்தில் குத்தினால், அந்தக் காலில் ஒரு தடவை துள்ளவே முடியாவிட்டால், இரவில் படுத்திருக்கும்போதும் நொந்தால், அது எலும்பில் மயிரிழை வெடிப்பாக இருக்கலாம். அப்படியென்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு டொக்டரிடம் போங்கள். விளையாட்டு அமைச்சின் கீழ் கொழும்பு 7இல் விளையாட்டு மருத்துவ நிறுவகம் இருக்கிறது, அங்கேயும் காட்டலாம். முதல் இரண்டு மூன்று கிழமையில் எடுக்கும் எக்ஸ்ரேயில் வெடிப்பு தெரியாமல் போவது சாதாரணம், அதனால் “எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை” என்றதும் மறுநாள் ஓடவிட்டு விடாதீர்கள், நோவு இருந்தால் திரும்பக் காட்டுங்கள்.

ஏன் இடது கால் என்று யோசித்தேன். பாடசாலை மைதானங்கள் சின்னவை, வளைவுகள் இறுக்கமானவை, ஓடுவது எப்போதும் இடப்பக்கமாகத் திரும்பி. வளைவில் உள்பக்கக் கால் சாய்ந்த நிலையில் தரையைத் தள்ள வேண்டியிருக்கும், அந்தக் காலால் முழு விசை கொடுக்க முடியாமல் போவதே வளைவில் வேகம் குறைய ஒரு காரணம் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. 200 மீற்றர் ஓடுகிற பிள்ளைக்கு அந்த வளைவு பயிற்சி நாளில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிரண்ட வலது காலில் முழு நம்பிக்கை இல்லாமல் அவள் இடது காலில் கூடுதலாகப் பாரம் போடுகிறாள் என்பதும் என் சந்தேகம். குதிப் பட்டையும் அதே காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. எது எவ்வளவு என்று பார்க்காமல் பிரித்துச் சொல்ல மாட்டேன், பட்டையை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். குறுந்தூர ஓட்டத்தில் உச்ச வேகத்தில் முன்பாதம்தான் முதலில் தரையைத் தொடுகிறது, குதியில் பாரம் விழுவது குறைவு. ஸ்பைக் சப்பாத்துக்குள் குதிக்குக் கீழ் 8 மில்லிமீற்றர் வைத்தால் அது காலின் நீளத்தைச் சமப்படுத்தாது, குதியைச் சப்பாத்திலிருந்து வெளியே தள்ளி வழுக்கத்தான் வைக்கும். உண்மையிலேயே பட்டை தேவைப்படுகிற பிள்ளைக்குக்கூட நாங்கள் நடக்கிற சப்பாத்தில் 3 மில்லிமீற்றரில் தொடங்கித்தான் கூட்டுவோம்.

இரண்டு விடயம் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். மகளுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? இந்த வயதிலும் இன்னும் தொடங்கவில்லை என்றாலோ, வந்துகொண்டிருந்தது மூன்று மாதமாக நின்றிருந்தாலோ டொக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், எலும்பின் பலத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு. அடுத்தது சாப்பாடு. விடியப்புறம் ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் பயிற்சிக்கு ஓடி, பத்தரை இடைவேளைக்கு ஒரு பணிஸ் சாப்பிடுகிற பிள்ளைகளை வாரா வாரம் பார்க்கிறேன். ஓடுகிற எலும்புக்கு அது காணாது. முட்டை, பால், கடலை, நெத்தலி, வயிறு நிறையச் சோறு. மெலிந்தால் வேகம் வரும் என்று யாராவது அவளிடம் சொல்லியிருந்தால் அதையும் விசாரியுங்கள்.

தோளைப் பற்றி. வளர்கிற பெண் பிள்ளை என்பதால் ஒன்றை மட்டும் நானே பார்க்கச் சொல்வேன். மெல்லிய பனியனோடு, இரண்டு பாதமும் சேர்த்து, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று வைத்து, முழங்கால் மடக்காமல் முன்னால் குனியட்டும். நீங்கள் பின்னால் இருந்து அவள் முதுகின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டு பக்க விலாவும் ஒரே மட்டத்தில் இருந்தால் தோள் தாழ்வை மறந்துவிடலாம். ஒரு பக்கம் மேடு போல எழும்பித் தெரிந்தால் காட்டுங்கள், எக்ஸ்ரேயில் வளைவு 10 பாகைக்கு மேல் இருந்தால்தான் அதற்கு முள்ளந்தண்டு வளைவு என்று பெயர், அதிலும் பெரும்பாலானவற்றுக்கு வளர்ச்சி முடியும் வரை கவனித்துக்கொண்டிருப்பதே வைத்தியம். அது இருந்தாலும் ஓடலாம், போல்ட் ஓடினார்.

மாமியாரிடம் கோபப்படாதீர்கள். நாளைக்குக் கல்யாணம் பேசும்போது காலில் குறை என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அது, அவர் வளர்ந்த காலம் அப்படி. அந்தக் கொப்பிச் சோதனையை அவர் முன்னாலேயே செய்து, பிறகு அவரையும் அதே மாதிரி நிற்கவைத்து அளந்து காட்டுங்கள். அவருக்கும் ஒரு கொப்பி தேவைப்படக்கூடும், மகளும் அதைப் பார்க்கட்டும். மகள் கண்ணாடி முன்னால் நிற்பதுதான் எனக்கு மனதைப் பிசைகிறது. அந்த ரிப்போர்ட்டை வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள். தோளைப் பற்றிப் பேசுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள், நல்ல நோக்கத்தோடு பேசுவதையும்தான். அவளிடம் இன்றைக்கு எத்தனை தடவை குதி உயர்த்தினாய் என்று கேளுங்கள். அது அவள் கையில் இருக்கிற எண், கூட்டவும் முடியும்.

ஜனவரியில் ஓடலாமா என்று கேட்டீர்கள். நோவு ஒரே இடத்தில் குத்துவதாக இருந்தால் இந்த வருட இல்லப் போட்டி இல்லை, மிஸ்ஸிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், பிள்ளையைச் சொல்லவிடாதீர்கள், அவள் மறைத்துவிட்டு ஓடுவாள். பரவின நோவாக இருந்தால், இரண்டு கிழமைக்கு வளைவு ஓட்டமும் துள்ளல் பயிற்சியும் வேண்டாம், நீச்சல் அல்லது சைக்கிள் போதும். வேகமாக நடந்தால் நோவு இல்லை என்ற பிறகு புல்தரையில் நேர்ப்பாதையில் பாதி வேகத்தில் தொடங்கலாம், மறுநாள் காலை அழுத்திப் பார்க்க நோவு இல்லையென்றால் மட்டும் அடுத்த படி. அப்படிப் போனால் 100 மீற்றருக்கு வாய்ப்பு இருக்கிறது, 200ஐ இந்த முறை விட்டுக்கொடுக்கலாம்.

வலது, இடது குதி உயர்த்திய எண்ணிக்கை, எத்தனை கொப்பி, நோவு நாணயம் அளவா உள்ளங்கை அளவா, இவ்வளவையும் இந்தக் கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள்.